மனநோய்க் கல்வி வந்த வழி

1905-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் சிங்கப்பூரில் ஒரு வைத்தியப் பள்ளி தொடங்கப் பெற்றது. தான் ஜியாக் கிம் என்னும் சீனப் பெருமகனார் முன்னின்று அரசாங்கத்தாருக்கு மனுச் செய்து, செல்வர்களிடம் பொருள் திரட்டியதன் பயனாக எழுந்த பள்ளி அது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரைத் தாங்கிக் கலாசாலையாக உயர்ந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் டாக்டர்களைத் தந்ததும் அதுவே. ஆனால் தொடக்கத்தில் அதற்கென்று புதுக் கட்டடம் எழுப்பப்படவில்லை. சிப்பாய் லைன்ஸ் பகுதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அண்மையில் இருந்த பழைய கட்டடம் ஒன்றில் 23 மாணாக்கரை அமர்த்திப் பாடம் நடத்தினார்கள். அக்கட்டடம் அதற்கு முன் சித்தம் கலங்கிய பெண்களை வைத்திருந்த பித்தர் விடுதி.

இதை ஒரு சகுனமாகக் கொள்ள வேண்டுமென்று நாம் சொல்ல வரவில்லை. சகுனம் பார்ப்பது நமது தொழிலுமன்று. கையிலிருந்த கட்டடத்தைக் கொடுத்துச் செலவைச் சுருக்கினார்கள், அவ்வளவே. எனினும் ஒரு கேள்வி எழாமற் போகாது. பித்தர் உறங்கிய அறைகளில் உட்கார்ந்து எலும்பையும் நரம்பையும் குருதியோட்டத்தையும் பற்றிக் கற்ற மாணாக்கர், பித்தைப் பற்றி எங்கே, எவரிடம் கற்பது? சுரமும் பேதியும் கண்ட நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது வைத்தியக் கல்வியின் பழைய முறை. மனம் நோயுற்றவனின் அருகே மாணாக்கனை நிறுத்துவதற்கு மட்டும் ஐரோப்பாவிலேயே வெகுகாலம் ஆயிற்று. அருகே நிறுத்திய பின்பும், அவனைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்களேயன்றி, அவன் சொல்வதைக் கேட்கக் கற்றுக் கொடுக்க மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அந்த வரலாற்றையே இங்கு எழுதப் புகுகிறோம்.

இலண்டன் மாநகரில் பெத்லெம் என்றொரு பழைய பித்தர் விடுதி உண்டு. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அது ஊரார்க்கு ஒரு வேடிக்கைச் சாலை. திருவிழா நாட்களில் ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக உள்ளே சென்று, வாயிலிலுள்ள உண்டியில் காசு போட்டு, விலங்கிடப்பட்ட மனிதரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவார்கள். 1770-ம் ஆண்டில்தான் இவ்வழக்கத்திற்குக் கட்டுப்பாடு வந்தது. அவ்விடுதியின் வைத்தியர் பதவி 1728-ம் ஆண்டு முதல் மன்றோ என்னும் ஒரே குடும்பத்தாரிடம் தந்தை, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என நான்கு தலைமுறை இருந்தது. பூசாரி வேலையைப் போல வைத்தியமும் பரம்பரைச் சொத்தாயிற்று என்றால் மிகையன்று. பித்தரின் காட்சி காசு கொடுத்த எவர்க்கும் திறந்து கிடந்தது; பித்தைப் பற்றிய அறிவோ ஒரு குடும்பத்தின் வீட்டிற்குள் பூட்டிக் கிடந்தது.

இந்தப் பூட்டை முதலில் தட்டியவர் வில்லியம் பாட்டி என்ற வைத்தியர். பெத்லெம் நிர்வாகத்தாரில் ஒருவராக இருந்து அதன் நடப்பைக் கண்டவர் அவர். 1751-ம் ஆண்டில் அதே இலண்டனில் செயிண்ட் லூக் என்ற புதிய பித்தர் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் வைத்தியரானார். அங்கே வேடிக்கை பார்ப்போருக்கு இடமில்லை. கற்க வரும் மாணாக்கருக்கு இடமுண்டு. 1758-ல் அவர் பித்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இந்நோயைப் பற்றி வைத்தியருலகம் இவ்வளவு குறைவாக அறிந்திருப்பதற்குக் காரணம், இதைப் பயில்வோர் தம் அனுபவத்தைப் பிறருக்குச் சொல்லாமல் மறைப்பதே என்று குறை கூறினார். மருந்தைக் காட்டிலும் நோயாளியை நடத்தும் முறையே பெரும் பயன் தரும் என்பது அவர் துணிபு. குற்றம் தம்மைச் சுட்டுவதாக உணர்ந்த ஜான் மன்றோ அதே ஆண்டில் மறுப்பு நூல் வெளியிட்டார். இவ்விருவருடைய சச்சரவை இன்று படிப்பவர்க்கு ஒன்று விளங்கும்: மனநோயைக் கற்பிக்கலாமா என்பதே அன்று ஒரு வழக்காக இருந்தது.

பிரெஞ்சு தேசத்தில் நடந்தது வேறு விதம். பிலிப் பினெல் என்பவர் 1793-ல் பாரிஸ் நகரத்துப் பிசெத்ர் விடுதிக்கும், 1795-ல் பெண்களுக்குரிய சல்பெத்ரியேர் விடுதிக்கும் வைத்தியரானார். பித்தரின் விலங்கை அவர் கழற்றுவதாகப் பிற்காலத்தார் தீட்டிய ஓவியத்தைப் புத்தகங்களில் பலர் கண்டிருக்கலாம். ஓவியம் அழகானதுதான், ஆனால் வரலாறு முழுவதும் அதில் இல்லை. பிசெத்ரில் பித்தர் பகுதியைக் கண்காணித்து வந்தவர் புஸ்ஸேன் என்ற ஒரு தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோயாளியாக அங்கு வந்து சேர்ந்து, குணமடைந்து, அங்கேயே ஊழியராய்த் தங்கியவர். பினெல் அவ்விடத்தை விட்டு நீங்கிய பின், 1797-ல் அங்கு இரும்புச் சங்கிலிகளை அகற்றியவர் அவரே. அவரிடமிருந்து தாம் கற்றுக்கொண்டதைப் பினெல் தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்; பிறகு அவரைத் தம்மிடமே வரவழைத்தும் கொண்டார். கலாசாலைப் பட்டம் பெற்ற ஒரு வைத்தியர், இரவும் பகலும் நோயாளிகளுடன் வாழ்ந்த ஒரு தொழிலாளியின் பக்கத்தில் நின்று குறிப்பெழுதினார் என்பது ஓவியத்தில் வராத செய்தி. மனநோய் வைத்தியக் கல்வியின் முதல் ஆசிரியர் யார் என்று நம்மைக் கேட்டால், புஸ்ஸேனின் பெயரைச் சொல்ல நாம் தயங்க மாட்டோம்.

பினெலின் மாணாக்கரான எஸ்கிரோல், 1817-ம் ஆண்டில் சல்பெத்ரியேரில் மனநோயைப் பற்றி ஒழுங்கான பாட வரிசையைத் தொடங்கினார். நோயாளிகள் வாழும் இடத்திலேயே, அவர்களை முன்வைத்து நடந்த வகுப்பு அது. பால்ரே, பையார்ஜே முதலிய அடுத்த தலைமுறை அறிஞர்கள் அவரிடம் பயின்றவர்களே. பிற நாட்டாரும் தேடி வந்தனர். அவர் வகுப்பறையோடு நின்றவரல்லர். பிரெஞ்சு நாடெங்கும் சுற்றி, பித்தர் நிர்வாணமாகவோ கந்தையுடனோ, ஈரத் தரையில் வைக்கோல் மீது, காற்றும் ஒளியும் புகாத அறைகளில் கிடப்பதைக் கண்டு, 1818-ல் மந்திரிக்கு அறிக்கை கொடுத்தார். 1838-ல் இயற்றப்பட்ட பிரெஞ்சுப் பித்தர் சட்டத்தின் பின்னணியில் அவர் உழைப்பு உண்டு.

ஜெர்மனியில் 1811-ம் ஆண்டிலேயே, லைப்ஸிக் சர்வகலாசாலையில், ஹைன்ரோத் என்பவருக்கு மனோவைத்தியப் பேராசிரியர் பதவி கொடுக்கப்பட்டது. இத்துறைக்குக் கிடைத்த முதற்பீடம் அது என்பர். ஆனால் அப்பேராசிரியர், பித்தின் வேர் பாவத்தில் இருக்கிறது என்று போதித்தார்! பேயை ஓட்ட வேப்பிலை எடுப்பவருக்கும், பாவத்தைக் காரணம் காட்டும் பேராசிரியருக்கும் உடை வேறு. நோயாளியின் தலையில் குற்றத்தைச் சுமத்துவதில் இருவரும் ஒருவரே. பீடம் ஏற்பட்டுவிட்டால் அறிவும் ஏற்பட்டுவிட்டதென்று எண்ணலாகாது என்பதற்காகவே அவரை இங்கே குறிப்பிட்டோம்.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1830-ம் ஆண்டில் ஜான் கொனலி என்ற வைத்தியப் பேராசிரியர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக் காட்டிய முறைகேடு நம்மைத் திடுக்கிடச் செய்வது. வைத்திய மாணாக்கன் பல்வகை நோயாளிகளைக் கண்டு தேர்ச்சி பெறுகிறான்; ஆனால் பித்தர் விடுதியின் கதவு அவனுக்கு மூடியிருக்கிறது. பட்டம் பெற்று வெளியே வந்ததும், தன் வாழ்நாளில் ஒரு மனநோயாளியையும் கண்டிராத அவனிடம், ஒருவன் பித்தனா அல்லனா என்று சான்றிதழ் எழுதித் தரச் சொல்லுகிறார்கள். அவன் எழுதும் சில வரிகளால் ஒரு மனிதன் தன் வீட்டையும் சொத்தையும் உரிமையையும் இழந்து பூட்டிய கதவுக்குள் போகிறான். சொத்துத் தகராறில் அண்ணனைத் தம்பி பித்தனாக்குவதும், பிடிக்காத மனைவியைக் கணவன் பித்தியாக்குவதும் அந்நாட்டில் அந்நாளில் பேசப்படாத கதைகளல்ல. ஆகவே மாணாக்கனுக்கு இப்பாடத்தைக் கற்பிப்பது வெறும் படிப்பு விஷயமன்று. குடிமக்களின் சுதந்தரத்தைப் பற்றிய விஷயம் என்பது அவர் வாதத்தின் உட்கிடை.

அவர் சொன்னதோடு விடவில்லை. 1839-ல் இலண்டனுக்கு அருகிலுள்ள ஹான்வெல் விடுதிக்குத் தலைவரானார். ஏறத்தாழ 800 ஏழை நோயாளிகள் இருந்த இடம் அது. கைவிலங்கு, தோல்வார், பிணைப்பு நாற்காலி யாவற்றையும் ஒழித்தார். (லிங்கன் நகரத்து விடுதியில் சார்ல்ஸ்வொர்த், ஹில் என்னும் இருவர் இதை முன்னரே செய்து காட்டினர், பெரிய விடுதியில் செய்த புகழ் கொனலிக்குச் சேர்ந்தது.) 1842 முதல் வைத்திய மாணாக்கரை அங்கே வரவழைத்து, நோயாளிகளிடையே அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். கட்டிப் போட்டவனைப் பார்த்தால் மாணாக்கன் கட்டையே பார்ப்பான். கட்டவிழ்த்தவனைப் பார்த்தால்தான் நோயைப் பார்ப்பான்.

இங்கிலாந்து சென்று கொனலியின் முறையைக் கண்டு மனம் மாறியவர்களுள் ஒருவர் ஜெர்மானியரான கிரீசிங்கர். மனநோய் மூளையின் நோயே என்று வற்புறுத்தியவர் அவர். 1865-ல் பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையின் பதவியை ஏற்றபோது, நரம்பு நோயாளிகளையும் மனநோயாளிகளையும் ஒரே துறையில் வைத்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அந்நாள் வரை பித்தர் விடுதிகள் ஊருக்கு வெகு தொலைவில் வயல்களுக்கு நடுவே கட்டப்பட்டன. அமைதி வேண்டும் என்பது காரணம். ஊருக்கு அப்பால் நோயாளி இருந்தால் மாணாக்கன் எங்ஙனம் வருவான்? ஆகையால் நகரத்துக்குள்ளேயே, சர்வகலாசாலையை அடுத்து, புதிதாக நோய் கண்டவர்க்குச் சிறிய மருத்துவமனை வேண்டும் என்று கிரீசிங்கர் எழுதினார். கிராமத்து விடுதித் தலைவர்கள் கொதித்தெழுந்து எதிர்த்தனர். 1868-ல், 51-ம் வயதில், அவர் காலமானார். அவர் எண்ணியதை ஒத்த நகர மருத்துவமனைகள் பிறகு ஜெர்மனியில் ஒவ்வொரு சர்வகலாசாலையாக எழுந்தன. நோயாளி ஒருவழியாக மாணாக்கனின் முன்னே வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்த பின் நடந்ததென்ன? அங்கேதான் நம் கதையின் சிக்கல் இருக்கிறது.

சல்பெத்ரியேரில் 1880-களில் ஷார்க்கோ என்ற நரம்பு நோய் நிபுணர் நடத்திய வகுப்புகள் உலகப் புகழ் பெற்றவை. செவ்வாய்க்கிழமை தோறும், வெள்ளிக்கிழமை தோறும் மண்டபம் நிறையும். மாணாக்கர் மட்டுமல்லர், எழுத்தாளரும் நாடகக்காரரும் வருவர். இசிவு நோய் கொண்ட பெண்களை மேடைக்குக் கொண்டுவந்து, அறிதுயிலில் ஆழ்த்தி, வலிப்பையும் விறைப்பையும் அவர்கள்பால் தோன்றச் செய்து காட்டுவார். ஆசிரியர் எதிர்பார்க்கும் குறியை நோயாளி காட்டக் கற்றுக்கொண்டாள் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. 1893-ல் அவர் மறைந்த பின்பு, அவருடைய சொந்த மாணாக்கரான பபின்ஸ்கியே அக்கொள்கையைத் திருத்தினார். பெத்லெமில் உண்டியிற் காசு போட்டுப் பார்த்த கூட்டத்திற்கும், இம்மண்டபத்துக் கூட்டத்திற்கும் வேற்றுமை இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெரிய வேற்றுமை உண்டு. ஆயினும் மேடை மேடைதான். 1885-ன் இறுதியில் வியன்னாவிலிருந்து வந்து நாலைந்து மாதம் அம்மண்டபத்தில் அமர்ந்திருந்த பிராய்டு என்னும் இளம் வைத்தியர், ஊர் திரும்பிய பிறகு, நோயாளியைப் பேசவிட்டுத் தாம் மறைவில் அமரும் முறைக்குப் படிப்படியாக வந்தார் என்பது எண்ணத்தக்கது.

இனி, இத்துறையில் மாபெரும் ஆசிரியராகிய கிரேபெலினிடம் வருவோம். 1886-ல், முப்பது வயதில், இரஷ்யப் பேரரசின் கீழிருந்த டோர்பாட் நகரத்தில் பேராசிரியரானார். இன்று எஸ்டோனியாவின் தார்த்து நகரம் அது. சர்வகலாசாலை ஜெர்மன் மொழியில் நடந்தது. நோயாளிகளோ எஸ்டோனியம், லாட்வியம், இரஷ்யம் முதலிய மொழிகளைப் பேசுகிற குடியானவர்கள். அவர்கள் பேச்சு கிரேபெலினுக்கு விளங்காது. மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டியிருந்தது. இப்படி ஐந்தாண்டு சென்றது. பின்பு ஹைடல்பர்க் நகரிலும் மியூனிச் நகரிலும் அவர் தம் பெரும்பணியைச் செய்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, நோய் எப்படித் தொடங்கிற்று, எவ்வழி சென்றது, எங்கே முடிந்தது என்று குறித்து, அட்டைகளை அடுக்கி அடுக்கி வகைப்படுத்தினார். 1899-ல் வெளிவந்த அவர் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இரு பெருநோய்கள் பிரிந்து நின்றன. ஒன்றற்கு 1908-ல் பிளாய்லர் கொடுத்த ஸ்கிசோப்ரீனியா என்ற பெயர் நிலைத்தது. மற்றொன்று எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வருவது. இன்றைய மாணாக்கர் கற்கும் பாகுபாட்டின் அடித்தளம் இன்றும் இதுவே. நோயாளியின் சொல்லை விட்டு, நோயின் போக்கைப் புறத்தே நின்று நோக்கும் இம்முறை, அவர் பேச்சு விளங்காத ஊரில் பழகிய பழக்கமோ என்று சில வரலாற்றறிஞர் கேட்கின்றனர். பொருத்தமான கேள்வியென்றே நமக்குத் தோன்றுகிறது.

1901-ல் கிரேபெலின் தம் வகுப்புரைகளில் முப்பதை நூலாக வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் மாணாக்கர் முன் நோயாளிகளைக் கொணர்ந்து, வினவி, விடையைக் காட்டி, நோயின் பெயரைச் சொல்லுகிறார். ஒரு வகுப்பில் பதினெட்டு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனை ஏறத்தாழத் தூக்கி வருவது போல அழைத்து வருகிறார்கள். அவன் செருப்பை உதறுகிறான். உரக்க ஒரு பக்திப் பாட்டைப் பாடுகிறான். கண்ணை மூடி அமர்கிறான். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், அளப்பவர்களைப் பற்றியும் அளக்கப்படுபவர்களைப் பற்றியும் பேசி, எனக்குத் தெரியும், சொல்ல விருப்பமில்லை என்கிறான். பெயரைக் கேட்டால், உன் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்கிறான். கண்ணை மூடுவது யார், கேட்பது யார், எப்படி, எங்கே, எப்போது என்று குரலை உயர்த்திக் கூவுகிறான். கேள்விகள் எல்லாம் இவனுக்கு விளங்கின. ஆனால் பயனுள்ள செய்தி ஒன்றையும் இவன் நமக்குத் தரவில்லை என்று முடித்துவிட்டுப் பேராசிரியர் மேலே செல்லுகிறார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து, 1960-ல், லேயிங் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் அதே பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். இவன் ஒன்றும் சொல்லவில்லையா? பெரியவர் ஒருவர் ஒரு கூட்டத்திற்கு நடுவில் நிறுத்தி வைத்துத் தன்னை அளந்து பார்ப்பதை அவன் வெறுக்கிறான். வினவுபவரின் குரலைத் தானே எடுத்து நடித்துக் கேலி செய்கிறான். தன் குரலில் மறுக்கவும் செய்கிறான். அவன் சொன்னதெல்லாம் அந்த வகுப்பைப் பற்றியே! லேயிங் பின்னாளில் சொன்ன பலவற்றை, முக்கியமாகக் குடும்பத்தாரின் மேல் அவர் போட்ட பழியை, இன்று வைத்தியர்கள் ஏற்பதில்லை; ஏற்கத் தக்கதும் அன்று. பிள்ளையின் நோயால் நொந்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது கொடுமை. ஆனால் இந்த ஒரு பக்கத்தைப் பற்றி அவர் எழுதியதைத் தள்ள முடியவில்லை. கிரேபெலின் சொன்ன நோயின் பெயர் சரியாகவே இருந்திருக்கலாம். அதைச் சொல்வதற்கு அப்பையன் பேசியதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை; மண்டபத்தில் இருந்த மாணாக்கர் கற்றுக்கொண்டு போனது அதைத்தான்.

இதற்கு மாறான வழியை அமெரிக்காவில் ஒருவர் கண்டார். சுவிட்சர்லாந்தில் பிறந்து 1892-ல் அங்கே குடியேறிய அடால்ப் மையர் என்பவர் அவர். 1913-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பிப்ஸ் மனநோய் நிலையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. வழக்கமாக இப்பாடத்தைப் படிப்பின் கடைசியில், வாலில் கட்டிய ஓலை போல் ஒட்டுவார்கள். மையர் அதை முதலாண்டிலேயே தொடங்கினார். முதல் வேலையாக மாணாக்கன் எழுத வேண்டியது தன்னைப் பற்றி: தான் பிறந்த குடும்பம், தன் அச்சங்கள், தன் பழக்கங்கள், தான் ஒரு துன்பத்தை எப்படித் தாங்கினான் என்பன. பின்னர் நோயாளியின் வாழ்க்கையை ஆண்டு ஆண்டாக ஒரு தாளில் வரைய வேண்டும்: உடல் நோய் வந்தது எப்போது, தந்தை இறந்தது எப்போது, வேலை போனது எப்போது, சித்தம் கலங்கியது எப்போது என்று. தன் கதையை எழுதிப் பார்த்துத் திணறியவன், பிறன் கதையைக் கேட்கும்போது அவசரப்படமாட்டான். மையரின் எழுத்து நடை கரடுமுரடானது. அவர் வகுத்த கலைச்சொற்கள் பல அவரோடு மறைந்தன. மாணாக்கனைத் தன் வாழ்வை எழுதச் சொன்ன அந்த ஓர் ஏற்பாடு அவர் நூல்கள் அனைத்தினும் பெரிது என்பது நம் எண்ணம்.

1960-களில் அமெரிக்காவில் பாரோஸ் என்ற நரம்பியல் ஆசிரியர் இன்னொரு வழியைக் காட்டினார். நோயாளியின் கதையை நன்கு பயின்ற ஒருவரை நோயாளியாக நடிக்கச் செய்து, மாணாக்கன் அவரிடம் பேசிப் பழகச் செய்தார். உண்மை நோயாளி மேடை ஏற வேண்டியதில்லை. மாணாக்கன் கேட்கத் தவறியதை நடித்தவரே பின்னர் எடுத்துச் சொல்லுவார். மனநோய்ப் பாடத்திலும் இம்முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. நடிப்பாரிடம் இரக்கம் காட்டப் பழகியவன் உண்மையானவரிடமும் காட்டுவானா என்பது வேறு விஷயம்.

இத்தனையும் நமது பக்கத்தில் எவ்வாறு வந்து சேர்ந்தது? கிரேபெலினே 1904-ல் ஜாவாத் தீவுக்கு வந்து, பயிட்டன்ஸோர்க் பித்தர் மருத்துவமனையில் அந்நாட்டு நோயாளிகளைக் கண்டார்; இன்று போகோர் எனப்படும் ஊர் அது. ஐரோப்பாவில் தாம் கண்ட நோய்களே இங்கும் உண்டு, உருவம் சற்று மாறுகிறது என்று எழுதினார். அவர் பேச்சு விளங்காத இடத்தில் நின்று கற்றது இது இரண்டாம் முறை.

அடுத்த ஆண்டு கோலாலம்பூர்ப் பித்தர் விடுதியில் நடந்த ஒன்று நம்மவர் பலர் அறியாதது. அந்நாளில் பெரிபெரி என்னும் நோய் சுரங்கக் கூலிகளைக் கொன்று கொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. சீயத்துப் பச்சரிசி உண்ட சீனரையே வாட்டியது. காரணத்தை அறிய விரும்பிய வில்லியம் பிளெச்சர் என்ற டாக்டர், விடுதியிலிருந்த பித்தரை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்காரருக்குச் சீயத்து அரிசியும், இரட்டைப்படை எண்காரருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து வந்தார். முதற் பகுதியாருள் பலர் பெரிபெரியால் வீழ்ந்தனர்; சிலர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவர் தப்பினர். 1907-ல் வெளியான இவ்வாராய்ச்சி, உணவுச் சத்துக் குறைவால் நோய் வரும் என்ற அறிவு வளர்ந்த வழியில் ஒரு மைல்கல். இதனால் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்களுடைய பித்து என்ன, அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அந்த வரலாற்றில் எங்கும் இல்லை. அவர்களுடைய வயிறு வைத்திய உலகத்திற்குப் பாடம் கற்பித்தது. மனத்தை யாரும் கேட்கவில்லை.

1911-ல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய பித்தர் மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. அவ்வூரின் பெயரே தோட்டத்திலும் பட்டணத்திலும் ஏச்சுச் சொல்லாகிவிட்டதை விளக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1928-ல் யோ சூ காங் சாலையில் புதிய மனநோய் மருத்துவமனை எழுந்தது. 1951-ல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயரிட்டனர். 1960-களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பகுதி தொடங்கியபோது, மனோவைத்தியமும் தனித் துறையாக இடம் பெற்றது. இன்று இவ்விரு நாடுகளிலும் இப்பாடம் பயிலாமல், மனநோயாளர் பிரிவில் சில வாரமேனும் பணி செய்யாமல், எவரும் டாக்டராக முடியாது. கொனலி 1830-ல் கேட்டது இங்கே கிடைத்துவிட்டது.

கிடைக்க வேண்டியது ஒன்று மீந்திருக்கிறது, அது மொழி. நுரையீரலின் ஒலிக்கு மொழியில்லை. குழாயை வைத்தால் கேட்கும். மனநோயின் குறியோ சொல்லிலேயே இருக்கிறது. தோட்டத்து லயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தாய், மாரியம்மன் தன்னோடு பேசுகிறாள் என்று சொல்லுவதாக வைத்துக்கொள்வோம். தமிழ் தெரியாத இளம் டாக்டருக்கு வார்டிலுள்ள பணியாள் ஒருவர் மொழிபெயர்க்கிறார். ஏதோ சாமி பேசுவதாக உளறுகிறாள் என்று அவர் சொல்லிவிட்டால், தாளில் ஒரு குறி ஏறிவிடும். சாமியாடுவதை நாம் போற்றுபவரல்லோம். ஆனால் திருவிழா நாளில், பம்பையும் உடுக்கையும் முழங்க, ஊரார் நடுவே கால்மணி நேரம் அருள் வந்து ஆடிவிட்டு, மறுநாள் பால்மரம் வெட்டப் போகும் பெண் ஒருத்தி. நள்ளிரவில், தனியே, தன் குழந்தையைக் கிணற்றில் போடச் சொல்லும் குரலைக் கேட்டு நடுங்குபவள் மற்றொருத்தி. இருவருடைய வாயிலும் வருவது அம்மன் பெயரே. அது எப்போது தொடங்கிற்று, யார் இருக்கும்போது வருகிறது, பேசுவது ஒரு குரலா பலவா, அது சொல்வதை மறுக்க உன்னால் முடிகிறதா, அம்மா, இதைக் கேட்டு உனக்கு அச்சமா ஆறுதலா என்று ஐந்தாறு கேள்விகளை அவள் மொழியிலேயே, அருகே உட்கார்ந்து, கேட்கத் தெரிந்தவனுக்கு அவ்விருவரையும் பிரித்தறிய அரைமணி நேரம் போதும்.